கருவியா, கருத்தாவா? – பாட்ரிக் மோதியானோவின் ‘டோரா புரூடர்’ காட்டும் அரசின் உடந்தை

முன்னுரை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பிய யூதர்கள் நாடு கடத்தப்பட்டனர், கொல்லப்பட்டனர் என்று வரலாற்று நூல்கள் பலவும் செயப்பாட்டுவினையில் எழுதுகின்றன. கடத்தியவர் யார் என்னும் வினாவிற்கு நாஜி ஜெர்மனி என்பது உடனடி விடை. அவ்விடை பிழையன்று, ஆயின் முழுமையானதும் அன்று. ஜெர்மனி ஆக்கிரமித்த நாடுகளிலும் அதனோடு நட்புப் பூண்ட நாடுகளிலும் ஆட்சியிலிருந்த அரசுகள் பல, தத்தம் சட்டங்களாலும் காவல்துறையாலும் தொடர்வண்டிகளாலும் இக்கொடுமையில் பங்கு கொண்டன. சுலோவாக்கிய அரசு 1942இல் தான் அனுப்பிய ஒவ்வொரு யூதருக்கும் 500 மார்க்கு வீதம் ஜெர்மனிக்குச் செலுத்த உடன்பட்டது. ஹங்கேரியில் 1944 மே மாத நடுப்பகுதி முதல் சூலைத் தொடக்கம் வரையிலான எட்டு வாரங்களில் ஏறத்தாழ 4,37,000 யூதர்களை வண்டியேற்றியவர்கள் அந்நாட்டின் படைக்காவலரே. பிரான்சில் மார்ஷல் பெத்தேன் தலைமையில் விஷி நகரிலிருந்து இயங்கிய அரசு இவற்றுள் தனித்து ஆராயத்தக்கது. குடியாட்சி மரபில் வந்த நிருவாகம் ஒன்று, தன் அலுவலர்களையும் ஏடுகளையும் மாற்றாமலேயே வேட்டைக் கருவியாக மாறிய வரலாறு அது.

அவ்வரலாற்றைப் படைப்பிலக்கியம் எவ்வாறு கையாளுகின்றது என்பதற்குப் பாட்ரிக் மோதியானோ 1997இல் வெளியிட்ட ‘டோரா புரூடர்’ என்னும் நூல் சிறந்த சான்று. 2014இல் நோபல் பரிசு பெற்ற இப்பிரெஞ்சு எழுத்தாளரின் படைப்புகள் பெரும்பாலும் ‘நினைவின் இலக்கியம்’ என்றே மதிப்பிடப்படுகின்றன. அம்மதிப்பீடு இந்நூலின் முதன்மையான பணியை மறைத்துவிடுகின்றது. அலுவலக ஏடுகளின் மொழி விழுங்கிவிட்ட எழுவாயைத் தேடி மீட்டலே அப்பணி என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்றாம் வேற்றுமை எழுப்பும் வினா

இவ்வாய்விற்குத் தமிழ் இலக்கணம் ஒரு தெளிவான அளவுகோலைத் தருகின்றது. வினைமுதலும் கருவியும் மூன்றாம் வேற்றுமைக்குரிய பொருள்கள் எனத் தொல்காப்பியம் கொள்ளும். நன்னூல் அவ்வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என மூன்று பொருள்களை வகுக்கும். இலக்கண ஆசிரியர்கள் கருத்தாவை மேலும் இரண்டாகப் பிரித்து ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என வழங்குவர். கோயிலை அரசன் கட்டினான் எனலும் தச்சன் கட்டினான் எனலும் வழக்கு. முன்னவன் ஏவினான்; பின்னவன் இயற்றினான். இருவரும் கருத்தாக்களே, உளியோ கருவி மட்டுமே.

விஷி அரசைப் பற்றிய நெடிய விவாதம் முழுவதும் இம்மூன்று பொருள்களுக்கு இடையே நிகழ்ந்த வழக்காகும். 1945ஆம் ஆண்டு விசாரணையில் பெத்தேன் தரப்பு, தோற்ற நாட்டின் அரசுக்கு வேறு வழியில்லை என்றது. ரொபேர் ஆரோன் 1954இல் எழுதிய விஷி வரலாறு, அவ்வரசு மக்களைக் காத்த ‘கேடயம்’ என்னும் கருத்தை நிலைபெறச் செய்தது. அதாவது ஏவியவன் ஜெர்மானியன்; பிரெஞ்சு அரசு வெறும் கருவி, அதுவும் மனமில்லாக் கருவி. அமெரிக்க வரலாற்றறிஞர் ராபர்ட் பாக்ஸ்டன் ஜெர்மானிய ஆவணங்களைக் கொண்டு 1972இல் இக்கருத்தைத் தகர்த்தார். ஒத்துழைப்பை விரும்பி நாடியது விஷியே என அவர் காட்டினார். 1981இல் மைக்கேல் மாரசுடன் இணைந்து அவர் வெளியிட்ட நூல், யூதர்களைப் பொறுத்தவரை விஷி தானே முன்வந்து செய்தவை எவை எனப் பிரித்துக் காட்டியது.

உளியைக் குற்றம் சாட்ட முடியாது, தச்சனைக் கேட்கலாம். ஆதலின் ‘கருவியா, கருத்தாவா’ என்னும் இவ்வினா இலக்கண வினாவாகத் தொடங்கி அறவினாவாக முடிகின்றது.

விஷி அரசின் செயல்கள்

1940 சூன் 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சூலை 10இல் விஷியில் கூடிய நாடாளுமன்றம் 569 வாக்குகளால் பெத்தேனுக்கு முழு அதிகாரம் அளித்தது. எதிர்த்தவர் 80 பேர். மூன்று மாதங்கள் கழியுமுன், அக்டோபர் 3ஆம் நாள், யூதர் யார் என வரையறுத்து அவர்களை அரசுப் பணியிலிருந்தும் கல்வி, இதழியல், திரைத்துறை முதலியவற்றிலிருந்தும் விலக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டத்தை இயற்றுமாறு ஜெர்மனி ஆணையிடவில்லை. பெத்தேன் தம் கையாலேயே திருத்தங்கள் எழுதிக் கடுமையாக்கிய வரைவு ஒன்று 2010இல் வெளிப்பட்டது. மறுநாள் இயற்றிய மற்றொரு சட்டம், வெளிநாட்டு யூதர்களை முகாம்களில் அடைக்க மாவட்ட ஆட்சியர்களுக்கு அதிகாரம் தந்தது. 1941 மார்ச்சில் யூத விவகாரங்களுக்கென ஒரு தலைமை ஆணையம் தோன்றியது. இவ்விடத்தில் விஷி ஏவுதற் கருத்தாவும் இயற்றுதற் கருத்தாவும் ஆகிய இரண்டுமாய் நிற்கின்றது.

1942இல் நிலை மாறுகின்றது. நாடு கடத்தும் ஆணை ஜெர்மனியுடையது. நிறைவேற்றும் கை பிரெஞ்சுக் காவல்துறையுடையது. காவல்துறையின் தலைமைச் செயலர் ரெனே புஸ்கே இதற்கு உடன்பட்டார். சூலை 16, 17 ஆகிய இரு நாள்களில் பாரிசிலும் புறநகர்களிலும் பிரெஞ்சுக் காவலர்கள் 13,152 பேரைக் கைது செய்தனர். அவர்களுள் 4,115 பேர் குழந்தைகள். குடும்பங்களை வெல் திவ் எனப்பட்ட மிதிவண்டிப் பந்தய அரங்கில் அடைத்தனர். பதினாறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அப்போது ஜெர்மானியர் கேட்டிருக்கவில்லை. அவர்களையும் சேர்த்து அனுப்பலாம் என முன்மொழிந்தவர் ஆட்சித் தலைவர் பியேர் லவால். ஆகஸ்டு 26இல் ஜெர்மானியப் படையே இல்லாத தென்பகுதியிலும் விஷியின் காவலர் வெளிநாட்டு யூதர்களைத் திரட்டி ஒப்படைத்தனர்.

பிரான்சிலிருந்து கடத்தப்பட்ட யூதர் ஏறத்தாழ 76,000 பேர். மீண்டவர் 2,500 பேர் அளவினர். அந்நாட்டில் வாழ்ந்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட யூதர்களுள் நான்கில் மூன்று பங்கினர் உயிர் தப்பியதும் உண்மை. இவ்வுண்மையைக் காட்டியே, விஷி அயல்நாட்டவரைக் கொடுத்துத் தன் குடிகளைக் காத்தது என்னும் வாதம் மீண்டும் எழுகின்றது. 2022ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட எரிக் செம்மூர் அதனையே வலியுறுத்தினார். கடத்தப்பட்டவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பிரெஞ்சுக் குடியுரிமை உடையவர் என்னும் செய்தி அவ்வாதத்தோடு முரண்படுகின்றது. டோரா புரூடர் அம்மூன்றில் ஒரு பங்கைச் சேர்ந்தவள்.

நூலின் தோற்றமும் வகையும்

1988 திசம்பரில் மோதியானோ ஒரு பழைய செய்தித்தாளைப் படிக்கின்றார். 1941 திசம்பர் 31ஆம் நாளிட்ட ‘பாரி சுவார்’ இதழ் அது. காணாமற்போன பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய சிறு அறிவிப்பு அதில் உள்ளது. உயரம், முகத்தின் வடிவம், கண்ணின் நிறம், உடுத்தியிருந்த ஆடைகள், காலணி ஆகியவற்றைச் சொல்லி, செய்தி தெரிந்தோர் ஒர்னானோ நெடுஞ்சாலை 41ஆம் எண் வீட்டில் உள்ள பெற்றோருக்குத் தெரிவிக்குமாறு அது வேண்டுகின்றது. கிளார்ஸ்ஃபெல்ட் 1978இல் தொகுத்த நாடு கடத்தப்பட்டோர் பெயர்ப்பட்டியலில் அதே பெயர் இருக்கின்றது. அறிவிப்பிற்கும் பட்டியலுக்கும் இடையே ஒன்பது மாதங்கள். அவ்விடைவெளியில் நடந்தது என்ன என்பதே நூலின் பொருள்.

முதலில் அவர் இதனைக் கற்பனையால் நிரப்ப முயன்றார். 1990இல் வெளிவந்த ‘தேனிலவுப் பயணம்’ என்னும் புதினம் அதன் விளைவு. அதில் நிறைவு காணாது மீண்டும் ஏடுகளிடம் திரும்பினார். புதின ஆசிரியர் ஒருவர் கற்பனையைக் கைவிட்டு ஆவணத்தை நாடியமை நூலின் வகையையே தீர்மானிக்கின்றது. இது புதினமும் அன்று, வரலாறும் அன்று, தன்வரலாறும் அன்று. மூன்றின் இயல்பும் இதில் கலந்துள்ளன. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், ஊகத்தை ஊகம் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் பிரித்துச் சொல்லும் ஒழுங்கே இந்நூலின் நடை.

கிடைத்த செய்திகள் மிகச் சில. டோரா 1926 பிப்ரவரி 25இல் பாரிசில் பிறந்தாள். தந்தை எர்னெஸ்ட் வியன்னாவில் பிறந்து, பிரெஞ்சு அயல்நாட்டுப் படையில் பணியாற்றி உடல் ஊனமுற்றவர். தாய் செசீல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1940 மே மாதம் டோரா ஒரு கத்தோலிக்க விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டாள். 1941 திசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, அங்கிருந்து ஓடிப்போனாள். 1942 ஏப்ரலில் தாயின் இருப்பிடத்திற்குத் திரும்பினாள். பின்னர் மீண்டும் ஓடினாள். சூன் 19இல் தூரெல் முகாமிலும் ஆகஸ்டு 13இல் திரான்சி முகாமிலும் அடைக்கப்பட்டாள். தந்தை மார்ச்சு முதலே திரான்சியில் இருந்தார். செப்டம்பர் 18இல் தந்தையும் மகளும் ஒரே வண்டியில் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். தாய் 1943 பிப்ரவரியில் அதே வழியே சென்றார். இவ்வளவுதான் ஏடுகள் தருவன. ஓடிப்போன மாதங்களில் அவள் எங்கிருந்தாள் என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை.

‘காவல்’ என்னும் சொல்லின் இருபொருள்

தமிழில் காவல் என்னும் சொல் பாதுகாப்பையும் குறிக்கும், சிறையையும் குறிக்கும். காவலன் என அரசனைப் புகழ்வதும், காவலில் வைத்தான் எனக் கைதியைச் சொல்வதும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ‘டோரா புரூடர்’ நூலின் மையக் காட்சி இவ்விரு பொருள்களும் ஒரே மேசையில் சந்திக்கும் இடமாகும்.

1940 செப்டம்பர் 27ஆம் நாளிட்ட ஜெர்மானிய ஆணைப்படி, ஆக்கிரமிப்புப் பகுதியின் யூதர்கள் பிரெஞ்சு அலுவலகங்களுக்குச் சென்று பதிந்துகொள்ள வேண்டும். எர்னெஸ்ட் புரூடர் தம்மையும் தம் மனைவியையும் பதிந்தார், மகளைப் பதியவில்லை. விடுதியில் இருந்த மகள் அரசின் கண்ணில் படாமல் இருக்கட்டும் என அவர் எண்ணியிருக்கலாம். பதினான்கு மாதங்கள் கழித்து அவள் ஓடிப்போனாள். தந்தை பல நாள்கள் தயங்கி, திசம்பர் 27இல் காவல் நிலையம் சென்று மகளைக் காணவில்லை என முறையிட்டார். தேடித் தருக என்று அவர் கேட்டதும் அதே காவல்துறையிடமே. அவளை மறைத்து வைத்திருந்ததும் அதே காவல்துறையிடமிருந்தே. முறையிட்ட அந்நொடியில், பதியாமல் விட்ட பெயர் ஏட்டில் ஏறிவிடுகின்றது.

காணாமற்போன சிறுமியைக் கண்டுபிடிக்கும் கடமையும், கண்டுபிடித்தபின் அவளை ஒரேயடியாகக் காணாமற் செய்யும் கடமையும் ஒரே அலுவலகத்திற்கு உரியனவாகின்றன. மோதியானோ இம்முரணை ஆரவாரமின்றிச் சுட்டிச் செல்கின்றார். கொடுங்கோன்மை புதிய நிறுவனங்களைக் கட்டி எழுப்ப வேண்டியதில்லை. இருக்கும் நிறுவனத்தின் வினைச்சொல்லை மாற்றினால் போதும் என்பதை இக்காட்சி புலப்படுத்துகின்றது. பாரிசு காவல் தலைமையகத்தில் ஆந்த்ரே துலார் உருவாக்கிய அட்டைப் பெட்டகம் நிருவாகத் திறமையின் சான்றாக அன்று பாராட்டப்பட்டிருக்கும். பெயர், தெரு, குடியுரிமை, தொழில் ஆகியவற்றின்படி அடுக்கிய அவ்வட்டைகள் இல்லையேல் சூலைக் கைதுகளுக்கு முகவரி கிடைத்திராது.

பதிவேட்டின் மொழியும் படைப்பின் மொழியும்

நூலில் எடுத்தாளப்படும் ஆவணங்கள் பெரும்பாலும் பதிவேட்டுக் குறிப்புகள். தூரெல் முகாமின் ஏட்டில் டோராவின் பெயர், பிறந்த நாள், ஊர், பிரெஞ்சுக் குடியுரிமை, முகவரி ஆகியவை உள்ளன. பின்னர்த் திரான்சி என்னும் இடப்பெயரும் ஆகஸ்டு 13 என்னும் நாளும் உள்ளன. அக்குறிப்பில் வினைமுற்று இல்லை, எழுவாய் இல்லை. அவளை அழைத்து வந்தவன் யார், பேருந்தில் ஏற்றியவன் யார், அக்குறிப்பை எழுதிய கை எவருடையது என எதுவும் இல்லை. எழுவாயற்ற இம்மொழியே உடந்தையின் தாய்மொழி எனலாம். எழுதியவன் தான் எதையும் செய்ததாக எண்ணுவதில்லை. நிரப்பியது ஒரு கட்டத்தைத்தான்.

மோதியானோ இக்குறிப்புகளை அப்படியே எடுத்து வைத்து, ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மனிதனைத் தேடுகின்றார். யூத விவகாரக் காவல் பிரிவின் தலைவர் ஷ்வெப்லேன் நூலில் பெயர் சுட்டப்பெறுகின்றார். வண்டி புறப்படுமுன் திரான்சியில் கைதிகளைச் சோதனையிட்ட பிரிவு அது. போருக்குப் பின் அம்மனிதரைத் தெருவில் கண்டதாக ஆசிரியரின் தந்தை நம்பினார் என்னும் செய்தியும் இடம்பெறுகின்றது. ஏட்டில் பதவிப்பெயராக ஒளிந்தவர் ஞாயிற்றுக்கிழமை உலாவும் மனிதராக வெளிப்படுகின்றார். எழுவாயை மீட்டல் என்பது இதுவே.

பாரிசு காவல் தலைமையருக்கு எழுதப்பட்டு மறுமொழி பெறாத கடிதங்கள் சிலவற்றையும் நூல் தருகின்றது. கைதான மகனை, பேரக்குழந்தையை, கணவனை விடுவிக்குமாறு வேண்டும் முறையீடுகள் அவை. பணிவும் மரியாதையும் மிக்க அக்கடிதங்களின் மொழி, எழுதியவர்கள் இன்னும் தம் அரசை நம்பினர் என்பதற்குச் சான்று. அன்று விடை பெறாத அவற்றின் பெறுநர், அக்காலத்தில் பிறந்தேயிராத தலைமுறையே என மோதியானோ கருதுகின்றார். திரான்சியிலிருந்து ஒரு கைதி புறப்படும் முன் எழுதிய கடிதத்தைச் சேன் ஆற்றங்கரையின் பழைய புத்தகக் கடையில் வாங்கிய செய்தியும் இவ்வகையினது. காவல்துறையின் ஏடுகளில் செயப்படுபொருளாக மட்டும் நின்றவர்கள் இக்கடிதங்களில் தம் குரலில் பேசும் எழுவாய்களாகின்றனர்.

ஏட்டின் எதிர்ப்பு நிகழ்காலத்திலும் தொடர்கின்றது. டோராவின் பிறப்புச் சான்றைப் பெற முயலும் ஆசிரியரிடம் அலுவலர், நீர் அவளுக்கு என்ன உறவு எனக் கேட்கின்றார். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு அனுப்புகின்றார். அலுவலகங்களின் இயல்பு ஐம்பதாண்டில் மாறிவிடவில்லை என்பதை வாசகர் உணர்கின்றனர். அரசு மறைக்க விரும்பியதற்கு வேறு சான்றுகளும் உள. அலேன் ரெனே இயக்கி 1956இல் வெளிவந்த ‘இரவும் மூடுபனியும்’ என்னும் ஆவணப்படத்தில், முகாமைக் காவல் காக்கும் பிரெஞ்சுப் படைக்காவலரின் தொப்பி தெரிந்த ஒரு படத்தைத் தணிக்கையினர் ஏற்கவில்லை. அத்தொப்பி வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. மார்செல் ஒஃபுல்ஸ் 1969இல் எடுத்த ‘துயரமும் இரக்கமும்’ பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் 1981 வரை காட்டப்படவில்லை. அத்தொப்பியை அழித்தமை ஒரு வாக்கியத்தின் எழுவாயை அழித்தமைக்கு ஒப்பாகும். மோதியானோவின் நூல் அதனை மீண்டும் வரைகின்றது.

மறுத்தவர்களும் மறுக்க இயன்றமையும்

கருவிக்கு மறுக்கும் ஆற்றல் இல்லை, கருத்தாவுக்கு உண்டு. ஆகவே, மறுத்தோர் இருந்தனர் என்று காட்டுதல் இவ்வழக்கில் முதன்மையான சான்றாகும். மோதியானோ அதனை ஒரு சிறு செய்தியால் செய்கின்றார். 1942 சூன் 7 முதல் ஆக்கிரமிப்புப் பகுதியில் யூதர்கள் மஞ்சள் விண்மீன் அணிய வேண்டியிருந்தது. அன்று யூதரல்லாத பெண்கள் சிலர் தாமும் விண்மீன் அணிந்து தெருவில் நடந்தனர். அவர்களைப் பிடித்துத் தூரெலில் அடைத்து, ‘யூதரின் நண்பர்’ என்னும் அடையாளம் அணிவித்தனர். டோரா இருந்த அதே முகாம் அது. அப்பெண்களுடைய தொழிலும் வயதும் சாதாரணமானவை. புஸ்கே போன்றோர் இல்லை என்று சொன்ன தேர்வுரிமை அவர்களிடம் இருந்தது.

வரலாறும் இதற்குத் துணை செய்கின்றது. 1942 ஆகஸ்டில் துலூஸ் பேராயர் சலியேஜின் சுற்றறிக்கை கோயில்களில் படிக்கப்பட்டபின், விஷியின் ஒத்துழைப்பு வேகம் குன்றியது. 1943 ஆகஸ்டில், அண்மைக்காலத்தில் குடியுரிமை பெற்ற யூதர்களின் உரிமையை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட லவால் மறுத்தார். மறுக்க இயன்றது என்பதற்கு அவரே சான்றாகின்றார். பல்கேரிய நாடாளுமன்றத் துணைத்தலைவர் திமிதர் பெஷேவும் 42 உறுப்பினர்களும் 1943 மார்ச்சில் எழுப்பிய எதிர்ப்பு, அந்நாட்டு யூதர்கள் ஏறத்தாழ 48,000 பேரின் கடத்தலை நிறுத்த உதவியது. அதே பல்கேரியா தன் ஆட்சிக்கு உட்பட்ட திரேசு, மாசிடோனியப் பகுதிகளின் யூதர் 11,000க்கு மேற்பட்டோரை ஒப்படைத்தது என்பதும் உடன் வைத்து எண்ணத்தக்கது. பிரெஞ்சு அதிகாரிகள் அனைவரும் விஷியின் வழி நின்றவரல்லர். புதுச்சேரி ஆளுநர் லூயி போன்வேன் 1940 செப்டம்பரிலேயே த கோலின் பக்கம் சேர்ந்தார். சுற்றிலும் ஆங்கிலேயர் ஆட்சி இருந்தமை அவர்க்கு அம்முடிவை எளிதாக்கியது. தேர்வுரிமையின் அளவு இடத்துக்கு இடம் வேறுபட்டது. எங்கும் சுழியாக இருந்ததில்லை.

ஆசிரியரின் தந்தை பற்றிய பகுதிகள் இவ்விடத்தில் நூலுக்கு ஆழம் சேர்க்கின்றன. ஆல்பெர் மோதியானோ யூதர். பதியாமலும் விண்மீன் அணியாமலும் கள்ளச்சந்தையில் பிழைத்தவர். 1942 பிப்ரவரியில் பிடிபட்டுத் தப்பினார். அன்று காவல் வண்டியில் ஓர் இளம்பெண்ணும் இருந்தாள் என அவர் சொல்லியிருந்தார். அவள் டோராவோ என ஆசிரியர் எண்ணிப் பார்க்கின்றார். ஏடுகள் அதற்கு இடந்தரவில்லை. 1960களில் அதே தந்தை, மனைவிக்குரிய பணத்தைக் கேட்டு வந்த மகன்மீது காவலரை அழைக்கின்றார். தந்தையும் மகனும் ஒரே காவல் வண்டியில் செல்கின்றனர். ஒரு காலத்தில் வேட்டையாடப்பட்டவரே காவலரை அழைக்கும் கைக்கு உரியவராகின்றார். குற்றவாளிகள் ஒருபுறம், குற்றமற்றோர் மறுபுறம் எனப் பிரித்து ஆறுதல் கொள்ள வாசகரை ஆசிரியர் விடவில்லை. தம் குடும்பத்தையும் அவ்விசாரணைக்கு அவர் உட்படுத்துகின்றார்.

நூலின் குறை

எழுவாய்களை மீட்கும் இந்நூல் ஓர் எழுவாயைத் தானே மறைத்துள்ளது. செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்டின் பட்டியலும், அவர் தேடித் தந்த செய்திகளும் படங்களும் இன்றேல் டோராவின் வரலாறு இவ்வளவு தெளிவு பெற்றிராது. 1994இல் செய்தித்தாளில் எழுதிய கட்டுரையில் மோதியானோ அவருக்குரிய கடனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆயின் நூலிலோ தேடுபவர் ஒற்றை மனிதராக, பாரிசின் வெறுந்தெருக்களில் தனியே நடப்பவராகவே தோன்றுகின்றார். இதனைக் கிளார்ஸ்ஃபெல்ட் தாமே மனக்குறையோடு சுட்டியுள்ளார். கலை நோக்கில் இத்தனிமைக்குப் பயனுண்டு. மறதியின் பரப்பு அதனால் பெரிதாகத் தெரிகின்றது. அறநோக்கில் இது பொருத்தமன்று. யார் செய்தார் என்பதை ஒவ்வோர் ஏட்டிடமும் கேட்கும் நூல், தன்னிடமும் அதனைக் கேட்டிருத்தல் வேண்டும்.

மற்றொன்று, விஷி தானே இயற்றிய சட்டத்திற்கும் ஜெர்மானிய ஆணைக்கும் உள்ள வேறுபாட்டை நூல் எப்போதும் தெளிவாகப் பிரிப்பதில்லை. தனியொரு சிறுமியின் மீது குவியும் பார்வையில் அவ்வேறுபாடு மங்குகின்றது. டோராவைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சுவரே என விடை கூறலாம். எனினும் அரசின் பொறுப்பை அளப்பதற்கு அவ்வேறுபாடே அடிப்படையாதலின், இந்நூலைப் பாக்ஸ்டன் போன்ற வரலாற்றாசிரியர்களோடு சேர்த்துப் படித்தலே முறையாகும்.

முடிவுரை

நூல் வெளிவந்த காலச்சூழல் அதன் பயனை விளக்குகின்றது. 1995 சூலை 16இல் குடியரசுத் தலைவர் ஜாக் சிராக், ஆக்கிரமிப்பாளரின் குற்றத்திற்குப் பிரெஞ்சு மக்களும் பிரெஞ்சு அரசும் துணை செய்தனர் என முதன்முதலாக ஏற்றுக்கொண்டார். அதுவரை மறைந்திருந்த எழுவாயை ஓர் அரசு தன் வாயால் உரைத்த நிகழ்வு அது. போர்தோ வட்டார நிருவாகத்தின் செயலராக யூதக் கைதுகளில் பங்கு கொண்ட மொரீஸ் பப்போன் 1998 ஏப்ரலில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவ்வழக்கின் இழப்பீட்டில் பாதியை அரசே ஏற்க வேண்டும் என 2002இல் பிரான்சின் உயர் நிருவாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் அலுவலருடையதா அலுவலகத்தினுடையதா என்னும் வினாவிற்குச் சட்டம் தந்த விடை சரிபாதி என்பதாகும். 2009இல் அதே மன்றம், ஆக்கிரமிப்பாளரின் நேரடி வற்புறுத்தலால் விளையாத விஷியின் செயல்களுக்கு அரசே பொறுப்பு என உறுதி செய்தது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, விஷியைக் கருவி எனல் பொருந்தாது. 1940இன் சட்டங்களில் அது ஏவியும் இயற்றியும் நின்றது. 1942இன் கைதுகளில் பிறர் ஏவ இயற்றிற்று. மறுக்க வாய்த்த இடங்களில் சிலபோது மறுத்ததால், மறுக்காத இடங்களுக்கும் பொறுப்பேற்றது. உடந்தை என்னும் சொல்லில் நிழலாடும் ‘உடன்’ என்பது உடனிகழ்ச்சியை மட்டும் குறிப்பதன்று; வினையையும் குறிக்கும். நீதிமன்றம் இழப்பீட்டைப் பங்கிடலாம். வரலாறு தொகையைக் கணக்கிடலாம். முகாம் ஏட்டின் ஒரு வரிக்குப் பின் நின்ற கையையும், அவ்வரியில் அடைபட்ட உயிரையும் ஒருங்கே காணச் செய்தல் இலக்கியத்தின் பணி. ‘டோரா புரூடர்’ அப்பணியைச் செய்கின்றது.

பாரிசு நகரம் 2015இல் தன் பதினெட்டாம் வட்டத்தில் உள்ள ஒரு நடைபாதைக்கு டோராவின் பெயரைச் சூட்டியது. ஆயினும், அவள் ஓடிப்போய் வாழ்ந்த அம்மாதங்களைப் பற்றி நூல் கற்பனை எதையும் புனையாது நின்றுவிடுகின்றது. அம்மாதங்கள் அவளுக்கு மட்டுமே உரிய மறைபொருள். முகாம்களாலும் அதிகாரிகளாலும் பறிக்க இயலாதது என்னும் கருத்தோடு மோதியானோ நூலை முடிக்கின்றார். ஏடுகள் அவளை எங்கும் செயப்படுபொருளாகவே எழுதின. அம்மாதங்களில் மட்டும் அவள் எழுவாயாக வாழ்ந்தாள். அவற்றை எழுத எந்த அலுவலருக்கும் ஏடு இல்லை.